தம்பி இல்லாமல் பார்த்த உளவாளிப் படம்

எங்கள் வீட்டில் ஆங்கிலப் படத்தை வாயை மூடிக்கொண்டு பார்க்கிற வழக்கம் கிடையாது. யாராவது ஒருவர் கதை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மலாய் நாட்டில், பீடோருக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில், பந்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். ஆங்கிலப் படம் வந்துவிட்டால் ஒரு சொல் விளங்காது. அதற்காக எழுந்து போய்விடுவார்களா? திரையில் வருகிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் தோட்டத்து வேலையும் உறவுமுறையும் கொடுத்துவிடுவார்கள். "இவன் தொரை, அவன் தண்டல், அந்தப் பொண்ணு இவனுக்கு மொறப்பொண்ணு" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், மீதிக் கதை தானாக நடக்கும். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். நாங்கள் லண்டன் வரைக்கும் போய்வந்தோம்.

தோட்டம் போய், செம்பனை வந்து, அதுவும் போய் இப்போது அங்கே வரிசை வரிசையாக வீடுகள். நாங்கள் ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய்க்குக் குடிவந்து எத்தனையோ காலமாகிவிட்டது. தொலைக்காட்சியில் படத்துக்கு அடியில் மலாய் எழுத்து ஓடுகிறது, எனக்கு அதை வாசிக்கவும் தெரியும். இருந்தாலும் என் தம்பி சொல்கிற கதைதான் எங்களுக்குக் கதை.

தம்பி காய்கறி லோரி ஓட்டுகிறான். விடியுமுன் கேமரன் மலைக்கு ஏறுவான், கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மத்தியானத்துக்குள் ஈப்போ பசாருக்கு இறங்கிவிடுவான். அவனுக்கு அந்த உளவாளிப் படங்கள் என்றால் உயிர். நடிகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், உளவாளிக்கு மட்டும் வயதே ஆகாது. "சாமி மாதிரிலா அக்கா, அர்ச்சகருதான் மாறுவாரு" என்பான் தம்பி. அந்த வரிசையில் பழைய படம் ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் 'மலைப் படம்'. வரிசையிலேயே அதற்கு இணை வேறில்லை என்பது எங்கள் தீர்ப்பு.

ஆண்டுக் கடைசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படம் போடுவதாக அறிவித்திருந்தார்கள். சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு. "நான் வாரதுக்குள்ள ஆரம்பிச்சிட்டா கத சொல்லி வைங்க, தப்பா மட்டும் சொல்லிராதீங்க" என்று முந்தின நாளே தம்பி சொல்லிவிட்டுப் போனான்.

அவன் மனைவி முதலில் வந்து சேர்ந்தாள். கையில் பெரிய சட்டி நிறைய மீகூன் என்கிற அரிசிச் சேமியாப் பிரட்டல். அவள் பேச்சுக் குறைந்தவள். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்கிற மனுஷி என்றுதான் அவளைப் பற்றி எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் எண்ணம்.

"என்னம்மா இவ்ளோ சீக்கிரம்? படத்துக்கு இன்னும் நேரம் இருக்கே" என்றார் என் வீட்டுக்காரர்.

"வீட்ல சும்மாதான் இருந்தேன் அண்ணே. அங்க ஒக்காந்து மழையப் பாக்குறதுக்கு இங்க வந்து பாக்கலாம்னு."

"கைப்பேசிய எங்கம்மா காணோம்? அவன் போன் அடிச்சா?" என்று நான் கேட்டேன்.

"பேட்டரி இல்லக்கா. வீட்டுலயே போட்டுட்டு வந்துட்டேன்."

நான் அப்போது ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். தையல்தான் என் பிழைப்பு. படம் பார்க்கும்போதும் மடியில் துணி இருக்கும், கை பாட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருக்கும். உளவாளிப் படம் எனக்குப் பிடித்துப் போனதற்கே அவன் போட்டிருக்கிற கோட்டுதான் காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தோள்பட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. கையை நீட்டினால் உள்ளே போட்ட சட்டையின் கைநுனி அளவாக எட்டிப் பார்க்கும், மடக்கினால் உள்ளே ஓடிவிடும். ஓடுவான், உருளுவான், கூரையில் தொங்குவான், கோட்டு அவனோடே போகும். தைத்தவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

படம் ஆரம்பித்தது. எக்காளச் சத்தம், பாட்டு, நிழல் நிழலாகப் பெண்கள், பெயர்கள். தம்பி இன்னும் வரவில்லை. அவன் இல்லாத குறைக்கு நான் கதையை எடுத்துக்கொண்டேன்.

முதல் காட்சி லண்டனில் ஓர் அலுவலகம். குழாயில் புகை பிடிக்கிற மேலதிகாரி. தம்பி அவருக்கு வைத்த பெயர் பெரிய கிராணி. தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கிற கிராணி எப்படி நிமிர்ந்து பார்க்காமலே பேசுவாரோ, அப்படியே பேசுவார் அவரும். அடுத்து கருவிகள் கொடுக்கிற கிழவர். அவர் ஸ்டோர் கிராணி. சவரப் பெட்டிக்குள் கயிறு, பேனாவுக்குள் புகை என்று ஒவ்வொன்றாகக் கொடுப்பார், கொடுக்கும்போதே முறைப்பார். "ரப்பர் பால் வாளி குடுக்குற மாதிரியே குடுக்குறான் பாரு, 'ஒடைச்சா சம்பளத்துல புடிச்சிருவேன்'ங்கிறான்" என்று தம்பி சொல்லுவான். அதையே நான் சொன்னேன். தம்பி பெண்டாட்டி சிரித்தாள். சிரிப்பு வந்த வேகத்தில் நின்றுபோனதை நான் கவனித்தேன், ஆனால் காரணத்தை யோசிக்கவில்லை.

அந்த நேரத்தில் என் கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் தெருக்காரர்கள் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். கேமரன் சாலையில் மண் சரிவு. சிவப்பு மண் சாலையை மூடிக் கிடக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு லோரி, முன்பாதி மண்ணுக்குள். நீலத் தலை, பின்னால் பச்சைத் தார்ப்பாய். எண் பலகை தெரியவில்லை.

தம்பியின் லோரியும் நீலத் தலை, பச்சைத் தார்ப்பாய்தான்.

அந்த மலையில் ஓடுகிற லோரியில் பாதி நீலம்தான், பச்சைத் தார்ப்பாய் போடாத லோரி எது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், வேறொன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. துணிக்குக் கீழே மறைத்துக் கைப்பேசியை என் வீட்டுக்காரர் பக்கம் நீட்டினேன். அவர் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஈப்போவில் பேரங்காடி ஒன்றில் காவல் வேலை பார்க்கிறவர், முகத்தை அப்படி வைத்துக்கொள்ளுவது அவருக்குத் தொழில்.

"தே ஓ கலக்கிக் குடிக்கலாமா?" என்று தேநீர் போடுகிற சாக்கில் எழுந்து அடுப்படிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அடிச்சுப் பாத்தியா?"

"இப்பதாங்க வந்துச்சு."

அடித்தோம். தொடர்பு கிடைக்கவில்லை என்று மலாய்க்காரப் பெண் ஒருத்தி பதிவுக் குரலில் பணிவாகச் சொன்னாள். மறுபடியும் அடித்தோம், மறுபடியும் அதே பணிவு. தம்பியின் காய்கறித் தவுக்கேக்கு, அதாவது முதலாளிக்கு, அடித்தால் அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டே இருந்தார்.

"அவகிட்ட சொல்லவா?"

"என்னன்னு சொல்லுவ? தெரியாததச் சொல்லி என்னா ஆகப்போவுது? மொதல்ல தெரியட்டும். நீ போயி கத சொல்லு, அவ கண்ணு டிவியிலேயே இருக்கட்டும். நான் வெளிய நின்னு அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதை ஒப்புக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கொக்கி தைத்த இடத்திலேயே மறுபடி மறுபடி தைத்திருக்கிறேன், பிறகு அதைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

திரையில் உளவாளி கடலோர ஊர் ஒன்றுக்கு வந்து சேர்ந்திருந்தான். ஊருக்குப் பின்னால் வெள்ளைப் பாறை மலை. அந்த மலையைக் குடைந்துதான் வில்லன் தன் இடத்தைக் கட்டியிருப்பான். வெளியே பார்த்தால் சிமெண்டு ஆலை, உள்ளே வேறு வேலை. எங்கள் குடும்பத்துக்கு இந்தப் படத்தின்மேல் தனிப் பாசம் வந்ததே அந்த மலையால்தான். ஈப்போவைச் சுற்றி அதே மலைகள்தானே நிற்கின்றன, குகைக்குள் கோயில், பக்கத்திலேயே மலையை வெட்டுகிற குவாரி. "இது நம்ம ஊருலதாண்டா எடுத்திருக்கான், வெள்ளக்காரன் சொல்லாம மறைச்சிட்டான்" என்று எங்கள் அப்பா சாகிறவரை நம்பினார்.

பிறகு அந்த மதியச் சாப்பாட்டுக் காட்சி. அந்தப் படத்தை ஏன் இத்தனை தரம் பார்க்கிறோம் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்லுவேன். வில்லன் உளவாளியை விருந்துக்கு அழைக்கிறான். துப்பாக்கி இல்லை, சத்தம் இல்லை, பின்னால் வாத்தியம்கூட இல்லை. வில்லன் கையில் ஓர் ஆரஞ்சுப் பழம். சின்னக் கத்தியால் தோலை உரித்துக்கொண்டே பேசுகிறான். தோல் அறுந்துபோகாமல் ஒரே நாடாவாக இறங்கிக்கொண்டே வருகிறது. நீ யார் என்று எனக்குத் தெரியும் என்பதை அவன் சொல்லவே மாட்டான். நமக்கு மட்டும், தோல் அறுந்தால் என்னவோ நடக்கப் போகிறது என்று தோன்றிவிடும். உளவாளி சிரித்துக்கொண்டே கேட்பான், ஆனால் மேசைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்ளுவான். அந்த ஒரு துடைப்புத்தான் அவனுக்கும் பயம் உண்டு என்று நமக்குக் காட்டுகிற இடம். இந்தக் காலத்துப் படமாக இருந்தால் அந்த நேரத்துக்குள் நாலு கட்டடம் வெடித்திருக்கும்.

எத்தனையோ தடவை ரசித்த காட்சி. அன்றைக்கு அந்த ஆரஞ்சுத் தோல் இறங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சீக்கிரம் உரித்துத் தொலையேன்டா என்று கத்தலாம் போல இருந்தது. என் உள்ளங்கையை நான் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே என் வீட்டுக்காரர் குடையைப் பிடித்தபடி வாசலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார். கைப்பேசி காதில் இருந்தது. வாய் அசையவில்லை.

"அண்ணன் ஏன் மழையில நிக்கிறாரு?" என்று கேட்டாள், மீகூனைப் பார்க்க மறுபடியும் அடுப்படிக்குப் போய்வந்த தம்பி பெண்டாட்டி.

"வேல எடத்துல ஏதோ ஆள் வரலயாம்மா. அவருகிட்ட கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"ஓ."

"நீ படத்தப் பாரு. இப்ப தண்டல் வருவான் பாரு, எரும மாதிரி."

தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவர்தான் தண்டல்; படத்தில் நாங்கள் அப்படிச் சொல்லுவது வில்லனின் அடியாளை. உளவாளியைத் துரத்திக் கொல்ல வில்லன் அவனை அனுப்புவான். அதை வாயால் சொல்லும்போதே எனக்குத் திக்கென்றது. துரத்தல் வந்தால் மலைச்சாலை வரும். மலைச்சாலை வந்தால் லோரி வரும். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற வளைந்த சாலையில் உளவாளி காரை விடுவான், பின்னால் தண்டல் துரத்துவான். எதிரே செங்கல் ஏற்றிக்கொண்டு ஒரு லோரி ஏறி வரும். உளவாளியின் கார்மேல் மோதாமலிருக்க லோரிக்காரன் வண்டியை ஒடித்துத் திருப்புவான். லோரி சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழும். உளவாளி திரும்பிப் பார்க்கவே மாட்டான். உலகம் முழுக்க அந்தக் காட்சியில் ஜனங்கள் காரைத்தான் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் எல்லாரும் லோரியைப் பார்ப்போம்.

முதல் தடவை பார்த்தபோது தம்பி லோரி உரிமம் எடுத்திருந்த புதிது. லோரி விழுந்ததும் அவன் எழுந்து நின்றுவிட்டான். "பாத்தீங்களா, கதவு தொறந்துச்சு! அவன் குதிச்சிட்டான்" என்றான். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. "நீங்க காரப் பாத்திருப்பீங்க" என்று திட்டினான். அதோடு விடவில்லை. கடைசியில் உளவாளியும் அவனோடு வருகிற பெண்ணும் கப்பலில் விருந்து சாப்பிடுவார்கள், பின்னால் ஒரு பணியாள் தட்டு ஏந்திக்கொண்டு போவான். "அவன்தான் இவன். லோரி போச்சுல்ல, வேல போயிருக்கும். உளவாளிதான் சொல்லி கப்பல்ல வேல வாங்கிக் குடுத்திருக்கான்" என்று கதையை முடித்துவைத்தான். தோட்டத்து ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு வேறென்ன? ஆள் பிழைத்தால் போதாது, அவனுக்கு ஒரு வேலையும் வேண்டும். நாங்கள் அதை அப்படியே நம்பினோம். மலாய் எழுத்தோடு பார்த்த பிறகும், அந்தப் பணியாளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லையே என்று நான் கேட்டதற்கு, "எல்லாத்தையும் எழுதிக்கிட்டு இருப்பானா?" என்றான் தம்பி. அந்தப் பணியாள் வருகிறபோது இன்றைக்கும் எனக்கு மனசு நிறையும்.

ஆனால் அன்றைக்கு, அந்த லோரி விழுவதை அவன் பெண்டாட்டி பார்க்கக்கூடாது என்று மட்டும்தான் என் புத்தியில் இருந்தது. எழுந்து தொலைக்காட்சிக்கு முன்னால் போய் ஜன்னல் திரையை இழுத்துவிடுகிற மாதிரி நின்றேன்.

"அக்கா, மறைக்கிது."

"வெளிச்சம் அடிக்கிதும்மா."

"மழையில என்னக்கா வெளிச்சம்?"

அதற்குள் என் வீட்டுக்காரர் நனைந்த காலோடு உள்ளே வந்தார். அவருக்கும் அந்தக் காட்சி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்ததும் வராததுமாக ரிமோட்டை எடுத்து அமுக்கினார். வேறு அலைவரிசையில் ஒரு சீன அம்மா வாத்துக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க அண்ணே?"

"இல்லம்மா, கை பட்டுருச்சு. இது என்னா, வாத்தா? நல்லாருக்கே. கொஞ்சம் பாப்போம்லா."

"மாத்துங்க அண்ணே."

"இரும்மா, எப்பிடி செய்யிறான்னு..."

"மாத்துங்க." அவள் குரல் எழும்பி நான் கேட்டதில்லை. "நான் அதப் பாக்கணும். அந்த போட்டோவ நான் காலையிலேயே பாத்துட்டேன்."

வாத்தின்மேல் மசாலா ஏறிக்கொண்டே இருந்தது.

"லோரிக்காரங்க வீட்டு பொம்பளைங்க குழுவுல வந்துச்சு. கைப்பேசிய வீட்டுல விடல, சட்டிக்குக் கீழ பையில இருக்கு. சத்தத்த அமத்தி வெச்சிருக்கேன். நீங்க வாசல்ல நின்னு எத்தன தடவ அடிச்சீங்களோ, அத்தன தடவ நான் அடுப்படிக்குப் போற மாதிரி போயி அடிச்சேன்."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்குல்லக்கா. பாத்தா விழுந்துருவீங்கன்னு நெனச்சேன். அதான் மீகூன பெரட்டி எடுத்துக்கிட்டு சீக்கிரமா வந்தேன். உங்களுக்குத் தெரியாம உங்க பக்கத்துல இருக்கலாம்னு."

இடிக்குக் காதைப் பொத்துகிறவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பெண், எனக்குக் காவலாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளைப் பார்க்க, அவள் என்னைப் பார்க்க, இவர் எங்கள் இருவரையும் பார்க்க, ஒரே கூடத்தில் மூன்று உளவாளிகள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாத்துங்க" என்று நானும் சொன்னேன்.

மாற்றினார். கார் வளைவில் சீறிக்கொண்டு வந்தது. லோரி கீழேயிருந்து ஏறியது. என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணைச் சிமிட்டாமல் அந்தக் காட்சியைப் பார்த்தேன். வண்டி சட்டென்று திரும்பியது, சுவர் உடைந்தது, லோரி சாய்ந்தது. சாய்கிற நேரத்தில் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. நிச்சயமாகத் திறந்தது. கதவுக்கு வெளியே மனித உருவம் ஒன்று வந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தூசி எழும்பிவிட்டது. படம் எடுத்தவர்கள் ஆளில்லாத வண்டியைத்தான் தள்ளிவிட்டிருப்பார்கள், குலுங்கலில் கதவு திறந்திருக்கும். அது எனக்குப் புரியாமல் இல்லை.

"குதிச்சிட்டான்" என்றாள் அவள்.

"ஆமாம்மா, குதிச்சிட்டான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் சோபாவின் பின்னால் நின்றபடியே, "தெளிவா தெரிஞ்சுச்சு" என்றார்.

அதற்குப் பிறகு படம் ஓடியது, யாரும் கதை சொல்லவில்லை. மலைக்குள்ளே சாம்பல் நிற உடுப்பில் நூற்றுக்கணக்கான ஆட்கள் இரும்புப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். வில்லனிடம் வேலை பார்க்கிற ஆட்கள். கடைசியில் உளவாளி மலையைத் தகர்க்கும்போது அத்தனை பேரும் என்ன ஆவார்கள் என்று யாரும் காட்டுவதில்லை. தம்பி இருந்தால், "பின்வாசல் இருக்கும்லா" என்று அவர்களுக்கும் ஏதாவது வழி சொல்லியிருப்பான். மேசையில் மூன்று கைப்பேசிகள் வரிசையாகக் கிடந்தன, அவளுடையதையும் எடுத்து வைத்துவிட்டாள். மீகூனை யாரும் தொடவில்லை. அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், சட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். நான் ஊசியில் நூல் கோத்தேன், கோத்ததை உருவினேன். என் வீட்டுக்காரர் கார்ச் சாவியைப் பையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

மலை வெடித்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

"அக்கா." அவன்தான். பின்னால் மழையும் யாரோ மலாயில் பேசுவதும் கேட்டது. "அக்கா, நான் நல்லாருக்கேன். பேட்டரி செத்துப்போச்சு. மலாய்க்கார பாக்சிக் ஒருத்தரு போன் குடுத்தாரு. ரோட்ட மூடிட்டாங்க, மேலயே மாட்டிக்கிட்டேன்."

கைப்பேசியை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். அவள் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"டேய் மச்சான்!" என்று இவர்தான் கத்தினார். "அந்த போட்டோவுல உள்ள வண்டி யாரோடதுடா?"

"சித்தியவான்காரன் வண்டி. எனக்கு முன்னால போனவன். ஆள மண்ணுலேர்ந்து தோண்டி எடுத்துத் தூக்கிட்டுப் போனாங்க. காலுல அடின்னு சொல்றாங்க. முழுசா தெரியல மச்சான். பேசிக்கிட்டே போனான், அவ்ளோதான் பாத்தேன். காலையில பசியாறும்போது என்கூடத்தான் ஒக்காந்திருந்தான்."

அந்த நேரத்துக்கு நான் எதிர்பார்த்திருந்த சந்தோஷம் வந்தது. ஆனால் வந்த இடத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தது. சித்தியவானில் எந்த வீட்டிலோ இப்போது யாரோ கைப்பேசியை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியதும் அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"எந்த வழியா வாராருன்னு கேளுங்க" என்றாள் அவள், என்னிடம்.

"மலைக்கு அந்தப் பக்கம், பழைய ரோட்டுல தாப்பாவுக்கு எறங்குறேன்" என்றான் தம்பி. அவளுடைய குரல் அவனுக்குக் கேட்டிருக்கிறது. "சாய்ங்காலம் ஆகும். வீட்டுல இருங்க, வந்திருவேன்."

பேச்சு முடிந்தது. அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா?"

"தாப்பாவுக்கு. அண்ணே, கார எடுக்கிறீங்களா, இல்ல நான் பஸ்ஸுல போகட்டா?"

"அவன்தான் வாரேன்னு சொல்றானேம்மா."

"வரட்டும். நான் இங்க ஒக்காந்து இன்னொரு மல எறங்குறத என்னால பாக்க முடியாது."

தொலைக்காட்சியை அணைத்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. கோப்பெங், கம்பார் தாண்டித் தாப்பாவுக்குப் போய், மலைச்சாலை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினோம். மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு லோரிக்கும் மூவரும் கழுத்தை நீட்டினோம். எத்தனை நீல லோரிகள் இறங்கின என்று எண்ணவில்லை. எண்ணினால் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும் போலத் தோன்றியது. கடைக்காரர் எங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், கொய்யாப்பழம் வெட்டி உப்புப் பொடியோடு தானாகவே கொடுத்தார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவன் வந்தான். முழங்கால் வரைக்கும் சிவப்பு மண். எங்களைப் பார்த்து லோரியை ஓரம் கட்டி இறங்கினான்.

"எதுக்கு எல்லாரும் வந்தீங்க? வீட்டுல இருக்கச் சொன்னேன்ல."

"ஒன் மூஞ்சியப் பாக்கத்தான்டா" என்றார் இவர். "நேருல பாத்தா அப்படி ஒண்ணும் விசேஷமா இல்ல."

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவனை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், கையைத் தொட்டாள், காலைப் பார்த்தாள். பிறகு லோரியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"கார்லயே போலா. வண்டி நாறும். தக்காளி பாதி நசுங்கிப் போச்சு" என்றான் அவன்.

"நாறட்டும்."

"நாளைக்கும் ஏறணும், தவுக்கே ஆள் விட்டு இப்பவே சொல்லிட்டான். பசார்ல சரக்க எறக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன், நேரமாகும்."

"ஏறு" என்றாள். அவனுக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். அந்த லோரியில் அவள் அதுவரை ஏறியதே இல்லை.

முன்னால் லோரி, பின்னால் நாங்கள். பழைய சாலையில் மெதுவாகப் போனோம். இவருக்கு அப்படிப் போய்ப் பழக்கமில்லை. ஒவ்வொரு நேர்ச்சாலையிலும் முந்தப் பார்த்தார், நான் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றேன். லோரியின் பக்கக் கண்ணாடியில் அவள் முகத்தில் ஒரு துண்டு தெரிந்தது. பேசுகிறாளா, வெறுமனே பார்க்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கம்பாரைத் தாண்டியதும் மறுபடியும் மழை பிடித்தது. கோப்பெங்குக்குக் கொஞ்சம் முன்னால், கடையோ வீடோ இல்லாத இடத்தில், லோரியின் பிரேக் விளக்கு எரிந்தது. வண்டி ஓரத்தில் போய் நின்றது. நாங்களும் பின்னால் நிறுத்தினோம். யாரும் இறங்கவில்லை. லோரியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் கண்ணாடியில் துடைப்பான் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது.

"டயரா இருக்குமோ? எறங்கிப் பாக்கட்டுமா?" என்றார் இவர்.

"வேணாங்க."

"ஹாரன் அடிக்கவா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பச்சைத் தார்ப்பாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வண்டிக்குள்ளே அவள் அழுதாளா, அவன் அழுதானா, நாளைக்கு ஏறுவதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. வெகுநேரம் போலிருந்தது. பிறகு வலப்பக்க விளக்கு மின்னியது, லோரி மெல்லச் சாலைக்கு ஏறியது. நாங்கள் இடைவெளி விட்டுப் பின்னால் போனோம்.